தொண்ணூற்றேழாம் எண் ஆய்வேடு

டக்லோபன்
14 ஆகஸ்ட் 2018

அன்புள்ள ஜெம்மா,

உறையின் மேல் என் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதியிருந்தால் பிரிக்காமலே அடுப்பில் போட்டிருப்பாய். இப்போது கையெழுத்தைப் பார்த்துவிட்டாய். இன்னும் நான்கு வரியாவது படி.

உன் முகவரியை, நீ இருக்கும் பிரி தீவுக்குப் பூசைக்கு வந்துபோகும் பாதிரியாரிடம் வாங்கினேன். கைபேசி எண்ணைக் கேட்டேன். "அவ கிட்ட போனே இல்லம்மா. வேணும்னா காகிதத்துல எழுதச் சொல்லுவா" என்றார். எட்டு வருடத்தில் நீ அப்படியொன்றும் மாறிவிடவில்லை போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பாதியில் விட்ட முதுகலைப் படிப்பை நாற்பத்து மூன்று வயதில் மறுபடி தொடங்கியிருக்கிறேன். நகராட்சி சமூக நல அலுவலகத்தில் பதவி உயர்வுக்கு அந்தப் பட்டம் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நெறியாளர் டாக்டர் மபனாக். ஆமாம், உன் நெறியாளரேதான். இப்போது துறைத் தலைவி.

தலைப்பை அவரே கொடுத்தார். நம் சமூகப் பணித் துறையில் 1994 முதல் இன்றுவரை முதுகலை மாணவர்கள் எதை ஆராய்ந்தார்கள், எப்படி ஆராய்ந்தார்கள், யாரைக் கேட்டார்கள் என்று தொகுக்க வேண்டும். பதிவேட்டில் நூற்று எண்பத்தாறு ஆய்வேடுகள். ஐந்து வருடத்துக்கு முந்தைய புயலில் நனைந்தவற்றை வெயிலில் காயவைத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது கருவாட்டை ஒடிக்கும் சத்தம் கேட்கிறது.

படிக்கப் படிக்கச் சிரிப்பு வருகிறது. முதல் பத்து வருடம் எல்லோரும் அனாதை இல்லங்களுக்குப் போயிருக்கிறார்கள். பிறகு அரசாங்க உதவித்தொகை. புயலுக்குப் பிறகு வந்த எழுபத்து நான்கில் அறுபத்தொன்று புயலைப் பற்றியவை. அதுவும் அதே மூன்று குடியிருப்புகள், ஜீப்னி வண்டி வாசலிலேயே இறக்கிவிடும் என்பதால். அங்கே ஒரு தாத்தா என்னைப் பார்த்ததும், "நீ கேக்கவே வேணாம்மா. கேள்வி எல்லாம் எனக்கு மனப்பாடம். பதிலை வரிசையாச் சொல்லிடறேன், எழுதிக்கோ" என்றார். இரண்டு வருடத்துக்கு முன்பு நான்கு பேர், போதைப்பொருள் வேட்டையில் சுட்டுக்கொல்லப்பட்டவர்களின் வீடுகளைப் பற்றி எழுதப் பெயர் கொடுத்தார்கள். நான்கு பேரும் தலைப்பை மாற்றிக்கொண்டார்கள். பதிவேட்டில் பழைய தலைப்புகளின் மேல் வெள்ளை மை தடவியிருக்கிறது.

என் அட்டவணையில் ஒரு பத்தி இருக்கிறது: கண்டுபிடித்ததைத் தகவல் தந்தவர்களிடம் திரும்பப் போய்ச் சொன்னார்களா? இதுவரை படித்தவற்றில் இரண்டு பேர்தான் சொல்லியிருக்கிறார்கள்.

தொண்ணூற்றேழு உன்னுடையது. அலமாரியில் இல்லை. புயலில் போனவற்றின் பட்டியலிலும் இல்லை. உன்னிடம் பிரதி இருந்தால் இரவல் கொடு. ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எட்னா

*

பிரி
2 செப்டம்பர் 2018

எட்னா,

நூலகத்திலிருந்து அதை எடுத்தது நான்தான். ஊரைவிட்டு வந்த அன்று பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். திருட்டு என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்.

கடல் கொண்டுபோய்விட்டது என்று எழுதுவது உனக்குச் சுலபம். புயலுக்குப் பிறகு அந்த ஊரில் காணாமல் போனதெல்லாம் கடல் கொண்டுபோனதுதானே.

நான் இங்கே ஒரு சிறு கடை வைத்திருக்கிறேன். உப்பு, மண்ணெண்ணெய், பிஸ்கட். வயதானவர்களுக்கு ஓய்வூதிய விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். பெயர், பிறந்த தேதி, கைநாட்டு. அதற்கு மேல் யாரையும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

பிரதியைத் தரமாட்டேன். இனி எழுதாதே.

ஜெம்மா

*

டக்லோபன்
19 செப்டம்பர் 2018

ஜெம்மா,

எழுதாதே என்றாய். எழுதாமலிருக்கத்தான் நினைத்தேன்.

உன் பதிலைப் பற்றி டாக்டர் மபனாக்கிடம் எதுவும் சொல்லவில்லை. தொண்ணூற்றேழு கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். "அதை விட்டுடு. நூத்தி எண்பத்தஞ்சுன்னு போடு. வெச்சாத்தான் கேள்வி வரும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குச் சலூத் என்று ஓர் அம்மாள் வந்தார்; அக்கம்பக்கத்தில் எல்லோரும் 'நானாய்', அம்மா, என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதியோர் உதவித்தொகைக்கு மனு. வயது அறுபத்திரண்டு. கைகளில் கருவாட்டு வாடை, சந்தையில் விற்கிறவர். படிவத்தில் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன்.

"மூணு. இப்போ ரெண்டு."

இப்போது இல்லாத பிள்ளையின் பெயரைக் கேட்டேன். அது படிவத்தில் இல்லாத கேள்வி. ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ரிஸா" என்றார். "நீங்க அந்தக் காலேஜ்லதான படிக்கறீங்க? வாசல்ல இருக்கற பையன் சொன்னான். என் மகளைப் பத்தி அங்க ஒரு புத்தகம் இருக்காமே மேம்?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், ஜெம்மா.

"யார் சொன்னாங்க?"

"அப்போ பேப்பர்ல வந்துச்சே. பேர் மாத்திப் போட்டிருந்தாங்க. ஆனா எங்க தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. புயல்ல வீடு போச்சு, அவ போட்டோவும் போச்சு. அவ பேசுனது எதுவும் எங்கிட்ட இல்ல. அந்தப் புத்தகத்துல அவ பேசுன பேச்சு அப்படியே இருக்குமாமே. ஒரு தடவை படிச்சுக் காட்டச் சொல்லுங்களேன்."

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நேற்று மறுபடி வந்தார். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நானாய் சலூத்துக்கு நான் என்ன சொல்லட்டும்?

எட்னா

*

பிரி
7 அக்டோபர் 2018

எட்னா,

உன் கடிதத்தை நான்கு நாள் உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். பிறகு எடுத்துப் படித்தேன். உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஒரு தடவை முழுதாக எழுதுகிறேன். அதற்குப் பிறகு நீயே தீர்மானித்துக்கொள்.

ரிஸாவுக்குப் பதினேழு வயது. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி டெல்ஃபின் அவளை மணிலாவில் துணிக்கடை வேலை என்று கூட்டிப்போனான். கடை எதுவும் இல்லை. என்ன இருந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எட்டு மாதம் கழித்துத் தப்பி வந்தாள். டெல்ஃபின் மேல் வழக்குப் போட்டார்கள். அவள் ஒருத்திதான் சாட்சி. அதனால் அவளைப் பாதுகாப்பு இல்லத்தில் வைத்தார்கள். இருக்கும் இடம் யாருக்கும் தெரியக்கூடாது.

நான் அங்கே பதினொரு மதியங்கள் போனேன். முதல் மூன்று நாள் அவள் பேசவில்லை, என் தலையில் பேன் பார்த்தாள். நான்காம் நாள் பேசத் தொடங்கினாள். ஒலிநாடாவை ஓடவிட்டேன். ஆய்வேட்டில் அவள் பெயர் 'நேர்வு மூன்று'.

வரைவைத் துறையில் படித்துக் காட்டிய அன்று நீ முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். "எல்லாம் இருக்கு ஜெம்மா, ஆனா இடம் கண்ணுக்கு வரலை. படிக்கறவங்களுக்கு அந்த வீடு தெரியணும்" என்றாய். டாக்டர் மபனாக், அதுதான் சரி, இப்போது உலகம் முழுக்க அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார். எண்களின் காலம் முடிந்துவிட்டது, இனி கதைதான் என்றார். நானும் எழுதினேன். ஐஸ் ஃபாக்டரியின் இரைச்சல், நீலக் கதவு, எதிரே ரொட்டிக் கடை. அந்த வருடத்தின் சிறந்த ஆய்வேடு என்று மாலை போட்டார்கள்.

மூன்று பிரதிகள்தான் இருந்தன. டெல்ஃபின் நூலகத்துக்கு வருகிற ஆள் இல்லை. ஆனால் மபனாக் அதைச் சுருக்கிப் பத்திரிகைக்குக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை இதழில் அரைப் பக்கம். ஏழு வாரம் கழித்து ரிஸா ரொட்டி வாங்கத் தெருவைக் கடந்தாள். நான்காம் நாள் ஆற்று முகத்தில் கிடைத்தாள். சாட்சி இல்லை என்று வழக்கைத் தள்ளினார்கள். டெல்ஃபின் வெளியே வந்துவிட்டான்.

பிணவறையில் அடையாளம் காட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். அம்மாவைக் கண்டுபிடிக்க நேரமாகும் என்று. அதை ஆய்வேட்டின் எந்தப் பிரிவில் எழுதுவது என்று மபனாக்கைக் கேட்டேன். அவர் அழுதார். நான் அழவில்லை. அன்றோடு அந்த ஊர் எனக்கு முடிந்தது.

நானாய் சலூத்துக்கு ஏன் படிக்கத் தரமாட்டேன் என்கிறேன் தெரியுமா? அறுபத்து நான்காம் பக்கம். ஒன்பதாம் நாள், என்னை 'மனா', அக்கா, என்று கூப்பிட்டு அவள் சொன்னது. அப்படியே எழுதுகிறேன்:

"அம்மாவுக்குத் தெரியும் மனா. டெல்ஃபின் மாமா எங்க வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் பதினொண்ணு இறக்குனப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அம்மா என் மூஞ்சியப் பாக்கல. தகரத்தையே எண்ணிக்கிட்டிருந்துச்சு. நானும் தெரியாத மாதிரி போயிட்டேன். இத அம்மா கிட்ட மட்டும் காட்டிடாதீங்க மனா. தாங்காது அது."

காட்டமாட்டேன் என்று சொன்னேன். அவளுக்கு நான் கொடுத்த வாக்குகளில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

ஜெம்மா

*

டக்லோபன்
1 நவம்பர் 2018

ஜெம்மா,

இன்று அனைத்துப் புனிதர் நாள், ஊரே கல்லறைக்குப் போகும் நாள். காலையில் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கல்லறைத் தோட்டத்தில் ஏழைகளைப் புதைக்கும் பகுதியில் நானாய் சலூத்தைப் பார்த்தேன். சிலுவையில் பெயர் அழிந்திருந்தது, கரித்துண்டால் மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் சோறும் பொரித்த மீனும். என்னைப் பார்த்து, "புத்தகம் வந்துச்சா மேம்?" என்றார். தீவிலிருந்து வரவேண்டும், இன்னும் இல்லை என்றேன். "சரி, படகு மெதுவாத்தான வரும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பத்திரிகைக்குச் சுருக்கி எழுதியது டாக்டர் மபனாக் இல்லை. நான்.

அவருக்கு நேரம் இல்லை, அந்த வார இறுதியில் செபுவில் மாநாடு. என்னிடம், "நீ நல்லா எழுதுவ, ஒரு அரைப் பக்கம் பண்ணிக் குடேன்" என்றார். நீ ஊரில் இல்லை. உன்னைக் கேட்கவேண்டும் என்று தோன்றியது. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. உன் எண்பது பக்கத்தை ஒரே மாலையில் சுருக்கினேன். 'ஐஸ் ஃபாக்டரியின் இரைச்சலுக்குப் பின்னால், ஒரு நீலக் கதவுக்குள், தன் தாயின் உறவினனுக்கு எதிராக இன்னும் இரண்டு மாதத்தில் சாட்சி சொல்லக் காத்திருக்கிறாள் ஒரு சிறுமி.' அந்த வரி உன்னுடையது இல்லை, ஜெம்மா. என்னுடையது. எழுதிவிட்டு என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அச்சில் என் பெயர் வரவில்லை. துறையின் பெயர் மட்டும் வந்தது. பிறகு நடந்தது நடந்தபோது நீ மபனாக்கைத்தான் திட்டினாய், அவருடைய அறை வாசலில் நின்று. நான் உன் பக்கத்தில் நின்றேன். உன் தோளைப் பிடித்துக்கொண்டுகூட நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பருவத்தில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லிப் படிப்பை விட்டேன்.

எட்டு வருடம் அவர் சொல்லாமலிருந்ததற்கு நான் கடன்பட்டவள் போல அவருக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

எட்னா

*

பிரி
20 நவம்பர் 2018

உன் கடிதம் வந்தது.

ஜெ.

*

டக்லோபன்
11 ஜனவரி 2019

ஜெம்மா,

கிறிஸ்துமஸ் போய்விட்டது. உன்னிடமிருந்து எதுவும் வராது என்று தெரியும். நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், பதிலுக்காக இல்லை.

என் ஆய்வேட்டில் நூற்று எண்பத்தாறு என்றே போட்டிருக்கிறேன். தொண்ணூற்றேழாம் எண்ணுக்கு எதிரே மூன்று பக்கம் எழுதினேன். அந்த ஆய்வால் தகவல் தந்தவருக்கு என்ன ஆயிற்று, எந்த வரியால் ஆயிற்று, அந்த வரியை எழுதியது யார். பெண்ணின் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, உன் பெயரும் இல்லை. என் பெயர் மட்டும் இருக்கிறது.

டாக்டர் மபனாக் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நூத்தி எண்பத்தாறுல ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியப்போகுது, எட்னா?"

"எனக்குத் தெரியும் மேம்."

"எனக்கு மட்டும் தெரியாதா? அந்தப் பொண்ணுக்காக நான் ஒரு பூசையாவது விட்டிருக்கேனா, கேட்டுப் பாரு. ஆனா இது துறையோட அறிக்கை. மணிலாவுலருந்து தரம் பாக்கற குழு வர்ற வருஷம். இத வெச்சா நம்ம படிப்பையே மூடிருவாங்க. முப்பது பேர் படிக்கறாங்க."

"மூடமாட்டாங்க மேம். கேப்பாங்க. அவ்வளவுதான்."

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"சரி மேம்."

கெஞ்சுவேன் என்று நினைத்தார் போல. எழுந்து வந்துவிட்டேன்.

நானாய் சலூத் இப்போது புதன்கிழமைதோறும் வருகிறார். அவருக்குத் தெரியக்கூடாதது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

எட்னா

*

பிரி
24 பிப்ரவரி 2019

எட்னா,

போன வாரம் டக்லோபன் வந்துபோனேன். உன்னைப் பார்க்க வரவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. உன் நவம்பர் கடிதத்தைப் பற்றி இங்கே எதுவும் எழுதப்போவதில்லை. அது என்னிடம் இருக்கிறது, அது போதும்.

புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் புறப்பட்டேன். படிக்கக் கொடுக்க இல்லை. தரமுடியாது என்று நேரில் சொல்ல. ஒரு தாயை வாரா வாரம் நடக்கவிடுவது சரியில்லை என்று தோன்றியது. படகில் வரும்போதே பொய்களைத் தயார் செய்துகொண்டேன். ரிஸா உங்களைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசினாள், நீங்கள் செய்யும் மீன் குழம்பைப் பற்றிப் பேசினாள். அதெல்லாம் பொய்யும் இல்லை, உண்மையிலேயே பேசினாள்.

சந்தையில் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ரிஸாவின் நெற்றி. கருவாட்டின் மேல் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னேன்.

"ஓ, நீங்களா? பேன் பாத்தாளாமே உங்களுக்கு. ஒரே ஒரு தடவ பாக்க விட்டாங்க, அப்போ சொன்னா. உக்காருங்க" என்று ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"தகரத்தப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

எட்னா, எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தேன். இதற்கு வைத்திருக்கவில்லை. என்ன தகரம் என்று கேட்டிருக்கலாம். ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடி எனக்குக் கிடைக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீண்டும் விசிறத் தொடங்கினார்.

"சரி. அப்போ தெரிஞ்சுதான் போயிருக்கா."

"நானாய்..."

"துணிக்கடைக்குப் போற பொண்ணுக்கு எவனாவது பதினோரு தகரம் குடுப்பானா? எனக்கு அந்தக் கணக்குத் தெரியாதா? தெரிஞ்சுச்சு. மழை ஒழுகிட்டிருந்துச்சு. சின்னது ரெண்டும் விடிய விடிய இருமிட்டிருந்துச்சுங்க. ஒண்ணக் குடுத்து ரெண்ட வெச்சுக்கலாம்னு... மனசு அப்படியெல்லாம் பேசும், நீங்க பாத்திருக்கமாட்டீங்க." கருவாட்டைப் புரட்டிப் போட்டார். "ஆனா அவ என்னய ஒரு ஏமாளின்னு நெனச்சிருப்பான்னு இருந்தேன். எங்கம்மா பாவம், ஒண்ணும் தெரியாதவ, மாமன் ஏமாத்திட்டான்னு. அப்படி நெனச்சுக்கிட்டே செத்திருப்பான்னு. அதக் கேக்கத்தான் புத்தகத்தக் கேட்டேன். அதுல அப்படித்தான் எழுதியிருக்கும்னு நம்பிட்டிருந்தேன்."

ஒரு பெண் வந்து கால் கிலோ கருவாடு கேட்டாள். நிறுத்துக் கொடுத்தார்.

"படிங்க" என்றார்.

அம்மாவிடம் காட்டவேண்டாம் என்று ரிஸா சொன்னதைச் சொன்னேன். "தாங்காதுன்னா சொன்னா? தாங்கும். எட்டு வருஷமாத் தாங்குறேன். படிங்க."

படித்தேன். சந்தை கலையும்வரை படித்தேன். பதினொரு நாளும். அவர் ஒரு தடவைதான் குறுக்கே பேசினார். மணிலாவில் ரிஸாவுக்குக் காய்ச்சல் வந்த இடத்தில், "எந்த மாசம்?" என்று கேட்டார். ஜூலை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

முடிந்ததும், "கேஸு ஏன் நின்னுபோச்சு?" என்றார்.

"சாட்சி இல்லன்னு."

"நான் இருக்கேனே."

உங்களையும் உள்ளே போடுவார்கள் என்றேன். பெற்றவள் கொடுத்தால் தண்டனை இன்னும் அதிகம் என்றேன். அதைப் புரியும்படி இரண்டு தடவை சொன்னேன்.

"டெல்ஃபின் இப்போ மூணு வேன் ஓட்டுறான். ஒவ்வொரு ஊர்த் திருவிழாவுக்கும் எங்க வீட்டுக்கு வர்றான். நான் சோறு போடுறேன். எலும்பு இல்லாத துண்டாப் பாத்து வெக்கறேன். பயம். போன தடவ என் பேத்திய மடியில உக்கார வெச்சுட்டு, மணிலா பாக்கணுமாடான்னு கேட்டான். அவளுக்கு நாலு வயசு." கருவாட்டை எல்லாம் கூடையில் அள்ளினார். "யார்கிட்டப் போய்ச் சொல்லணும்?"

உன் பெயரைச் சொன்னேன். உன் அலுவலகம் அவருக்குத் தெரியும், வழி கேட்க வேண்டியதில்லை. அந்த வேலையை நீ செய். ஒழுங்காகச் செய்.

வாக்கு உடைந்துவிட்டது. நான் உடைத்தேனா, அது தானாக உடைந்ததா என்று படகில் யோசித்துக்கொண்டே வந்தேன். அலை அதிகமாக இருந்தது, யோசிக்க முடியவில்லை.

ஜெம்மா

*

டக்லோபன்
26 மே 2019

ஜெம்மா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எழுதும்படி எதுவும் முடிந்திருக்கவில்லை.

நானாய் சலூத்தை மார்ச்சில் அரசு வழக்கறிஞரிடம் கூட்டிப்போனேன். வாக்குமூலம் கொடுக்க இரண்டு நாளாயிற்று. சொல்லச் சொல்ல எழுதியவர் ஓர் இடத்தில் நிறுத்தி, "அம்மா, இது உங்களுக்கே எதிரா இருக்கு. அப்படியே எழுதட்டுமா?" என்று கேட்டார். "அதுக்குத்தான வந்திருக்கேன்" என்றார். அரசுத் தரப்புச் சாட்சியாக ஏற்றுக்கொண்டால் விட்டுவிடலாம், ஆனால் அதை நீதிபதி முடிவுசெய்ய வேண்டும், அதுவரை காவலில்தான் என்றார்கள். ஏப்ரலிலிருந்து மகளிர் சிறையில் இருக்கிறார். பேத்தியும் மகளும் என் அக்கா வீட்டில் இருக்கிறார்கள்.

டெல்ஃபினைப் பேருந்து நிலையத்தில் பிடித்தார்கள். ரிஸாவைக் கொன்றதற்கு எதுவும் நிற்காது என்கிறார்கள். தெருவில் அவளைத் தூக்கியவர்களில் ஒருவன் புயலில் செத்துவிட்டான், இன்னொருவன் எங்கே என்று தெரியவில்லை. மணிலாவுக்குக் கொண்டுபோனதற்கு மட்டும்தான் வழக்கு. அவனுடைய வக்கீல், ஒரு கிழவி பழைய பகையில் சொல்கிறாள் என்கிறார்.

என் பட்டம் வராது. மபனாக் விலகிக்கொண்டார், வேறு யாரும் என்னை ஏற்கவில்லை. அலுவலகத்தில் என்னைவிட ஆறு வருடம் இளையவள் எனக்கு மேலதிகாரியாக வந்திருக்கிறாள். நல்ல பெண்.

போன வாரம் சிறைக்குப் போனேன். எனக்கு முன்னால் நம் துறை மாணவிகள் இரண்டு பேர், நீலக் கழுத்துப்பட்டையோடு, வந்துவிட்டுப் போயிருந்தார்கள். சிறையில் இருக்கும் தாய்மாரைப் பற்றி ஆய்வாம். இந்த வருடம் அதுதான் ஓடுகிறது. நானாய் சலூத் ஒரு படிவத்தின் நகலை என்னிடம் நீட்டினார். உங்கள் செயலுக்காக எந்த அளவு வருந்துகிறீர்கள், ஒன்று முதல் ஐந்து வரை. பிள்ளைகளை நினைத்து எத்தனை தடவை அழுகிறீர்கள், ஒன்று முதல் ஐந்து வரை.

"என்ன போட்டீங்க?" என்று கேட்டேன்.

"படிக்கற புள்ளைங்க, வெறுங்கையோட அனுப்பக் கூடாதில்ல. எல்லாத்துக்கும் மூணு போட்டேன். பக்கத்துல இருக்கறவ சொல்லிக் குடுத்தா. மூணு போட்டா வேற கேக்கமாட்டாங்களாம்."

இப்போது கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். வழக்கறிஞருக்கு உன் ஆய்வேடும் ஒலிநாடாக்களும் வேண்டும். ரிஸாவின் வார்த்தையும் அவள் அம்மாவின் வார்த்தையும் பொருந்தினால்தான் வழக்கு நிற்கும் என்கிறார். அவற்றைப் பதிவு செய்தவள் நான்தான் என்று ஒருத்தி கூண்டில் ஏறிச் சொல்லவேண்டும். விசாரணை ஜூன் 24. அவனுடைய வக்கீல் உன்னைச் சும்மா விடமாட்டார். அந்தப் பெண் எப்படிச் செத்தாள், அதில் உங்கள் எழுத்துக்குப் பங்கு உண்டா என்று கேட்பார். கேட்கத்தான் செய்வார்.

வா என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. தேதியை மட்டும் எழுதியிருக்கிறேன்.

எட்னா

*

பிரி
9 ஜூன் 2019

எட்னா,

ஒலிநாடாக்கள் ஏழு இருந்தன. இரண்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஒன்பதாம் நாள் ஓடுகிறது. கடைக்கு எதிர்வீட்டில் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று இரவல் வாங்கிப் போட்டுக் கேட்டேன். குரல் அப்படியே இருக்கிறது. என் குரல்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தனை இனிமையாகக் கேள்வி கேட்கிறாள், யாரோ.

கடையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டேன். இருபத்திரண்டாம் தேதி படகு. அந்த வக்கீல் என்ன கேட்டாலும் சொல்வேன். என் எழுத்துக்குப் பங்கு உண்டா என்றால், உண்டு என்பேன். பத்திரிகையில் எழுதியது யார் என்று கேட்டால் அதையும் சொல்வேன். உனக்கு முன்கூட்டியே தெரியட்டும்.

படகுத்துறைக்கு வராதே. எனக்குத் தங்க இடம் பார்க்காதே. சாப்பாடு கட்டிக்கொண்டு வராதே. உன்னோடு பேச எனக்கு இன்னும் வாய் வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியாது.

ஆனால் இருபத்து நான்காம் தேதி நீதிமன்றத்துக்கு வந்துவிடு. வெளியே வராந்தாவில் நிற்காதே, உள்ளே வந்து உட்கார். அவர்கள் அந்த நாடாவைப் போடும்போது அந்த அறையில் நீயும் இருக்கவேண்டும்.

ஜெம்மா